ஒரே விரலில் இருநூற்றுப் பன்னிரண்டு பூட்டு

கண்ணாடிக்காரி வேலை பார்த்த இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘தற்காலிக இடைநிறுத்தப் பிரிவு’. ஊர் வைத்த பெயர் பூட்டுப் பிரிவு. இந்த மாதிரி விஷயங்களில் ஊர் வைக்கிற பெயர்தான் சரியாக இருக்கும்.

காகித நோட்டு ஒழிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. இப்போது எல்லார் காசும் மத்திய வங்கியின் கணினியில் இருந்தது. அவரவர் போனில் தெரிந்ததற்குப் பை என்று பேர். யார் பையைப் பூட்ட வேண்டும் என்று கீழ்த் தளத்தில் பட்டியல் போடுவார்கள். மேல் தளத்தில் பதினான்கு பேர் உட்கார்ந்து அதைச் சரிபார்ப்பார்கள். பட்டியல் போட்டவர் விரலும் சரிபார்த்தவர் விரலும் சேர்ந்தால்தான் பூட்டு விழும். ஒருவர் தப்புச் செய்தால் இன்னொருவர் பிடித்துவிடுவார் என்பது ஏற்பாடு.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிக்கூட வைத்திருந்தார்கள்: ‘ஒவ்வொரு கோப்பையும் முழுமையாகப் படித்த பிறகே விரல் வைக்கவும்.’ அந்தத் தாளுக்கு நேர் கீழே ஒரு பலகை, ‘இன்றைய இலக்கு: ஆளுக்கு நானூறு பைகள்’ என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருக்கும். ஒரு கோப்பை ஒழுங்காகப் படிக்கக் கால் மணி நேரம் ஆகும். நானூறு கால் மணி எத்தனை நாள் என்று கணக்குப் போட்டவர்கள் அந்தத் தளத்தில் இருந்தார்கள். போட்டதை வெளியே சொன்னவர்கள் இல்லை. பட்டியல் வரும், விரல் வைப்பார்கள், அடுத்த பட்டியல் வரும். பக்கத்து இருக்கைக்காரர் ஒரே நாளில் ஆயிரத்து இருநூறு பைகளை முடித்து, போன வருடம் சுவர்க் கடிகாரம் பரிசு வாங்கியவர். அவரை மின்னல் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கண்ணாடிக்காரிக்கு அந்தப் பெயர் வந்தது தடித்த மூக்குக்கண்ணாடியால். அதைப் போட்டுக்கொண்டு அவள் நாலு வருடமாக எதையும் பார்க்காமல் சரிபார்த்தாள். கெட்டவள் இல்லை. ஊர் ஓடும்போது ஒத்து ஓடியவள், அவ்வளவுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை பத்து நாற்பதுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல் ஒன்று வந்தது. அந்த நேரத்தில் அவள் புடவையில் ஒட்டியிருந்த கறுப்பு நூல் ஒன்றை இடது கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரலை எடுத்து வைத்தாள். பச்சை எரிந்தது. நூலைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஒன்று பத்துக்கு, சாப்பாட்டுக் கூடத்தில், அக்காவிடமிருந்து போன் வந்தது.

“பாப்பா, சாப்பிட்டியா?”

வீடு தீப்பிடித்தாலும் அக்கா முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் தீயைப் பற்றிச் சொல்வாள்.

“சாப்பிட்டுட்டு இருக்கேன். வேன் ஏறிட்டியா?”

“ஏறி, எறங்கி, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்கறாங்க. போனை வெச்சா செவப்பு வருது.”

“சார்ஜ் இருக்கா பாரு.”

“சார்ஜும் இருக்கு, காசும் இருக்கு. பை பூட்டியிருக்குன்னு வருது. எனக்கு மட்டும்னா சரி, என் மூஞ்சி அப்படின்னு விட்டுடலாம். இங்க பதினோரு பேர் நிக்கிறோம். கணக்கு வாத்தியார், அந்த ஒம்பது வயசுப் பொண்ணோட அம்மா, எல்லாரும். உள்ள மெஷினெல்லாம் சும்மா கெடக்கு. வெளிய நாங்க சும்மா நிக்கிறோம்.”

அக்கா தையல்காரி. இவளைவிட எட்டு வயது பெரியவள். அப்பா அம்மா போன பிறகு ஒரு பழைய மெஷினை மிதித்தே தங்கையைப் படிக்க வைத்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம். செவ்வாயும் வெள்ளியும் மதியமே போய்ப் பதிந்து, மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அடுத்த தடவை வரை ஓடும். அக்காவும் தங்கையும் ஒரே வீடு, ஒரே சம்பளம்.

“நான் இங்கேருந்து கட்டிடறேன்கா. நர்ஸ்கிட்ட குடு.”

“கேட்டாச்சு. நோயாளி பையிலருந்துதான் எடுக்குமாம். பை பூட்டினா பதிவே திறக்காதாம். மூணரைக்குள்ள பதிவாகலேன்னா மெஷினைக் கழுவி மூடிடுவாங்க. இனிமே செவ்வாய்க்கிழமைதானாம்.”

“அவசரப் பிரிவுக்குப் போயேன்.”

“மூச்சு நிக்கற மாதிரி இருந்தா எடுத்துப்பாங்களாம். இன்னும் நிக்கல.”

“இப்ப எப்படி இருக்கு?”

“படியேறினா வாங்குது. அதனால ஏறாம நிக்கிறேன்.” அக்கா சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பிலேயே மூச்சு வாங்கியது. “உன் ஆபீஸ்தானே பாப்பா பூட்டறது. யாரையாவது கேளேன்.”

“பூட்டு விழுந்த நேரம் போட்டிருக்கா?”

“இரு, கண்ணு தெரியல... பத்து நாப்பதுன்னு இருக்கு.”

கண்ணாடிக்காரி டப்பாவை மூடாமலே எழுந்து இருக்கைக்கு ஓடினாள்.

காலைப் பட்டியலை எடுத்தாள். தலைப்பைப் பார்த்தாள். ‘ஆஸ்பத்திரி வாசல் கறுப்புக்கொடிக் கூட்டம்: தொடர்புடையோர்.’ முதல் கோப்பு அவள் அக்கா. முதல் கோப்பு. இருநூற்றுப் பன்னிரண்டையும் படிக்க வேண்டாம், ஒன்றே ஒன்றைத் திறந்திருந்தால் போதும். அதுகூட வேண்டாம், தலைப்பைப் பார்த்திருந்தால் போதும். வாரத் தொடக்கத்தில் இரண்டு நாள் வீட்டுக் கூடத்தில் கறுப்புத் துணி மலையாகக் கிடந்ததை அவள்தான் ஒதுக்கி ஒதுக்கி நடந்தாள். காலையில் பிய்த்துப் போட்ட நூல் அந்தத் துணியின் நூல்தான்.

நடந்தது இவ்வளவுதான். மாலை நேர டயாலிசிஸை நிறுத்தப்போவதாக ஆஸ்பத்திரி அறிவித்தது. நோயாளிகளும் வீட்டாரும் புதன்கிழமை வாசலில் ஒரு மணி நேரம் கறுப்புக்கொடி பிடித்து நின்றார்கள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அறுபது கொடியையும் அக்கா தைத்தாள். ஆளுக்கு ஒரு கொடி, ஆளுக்குப் பத்து ரூபாய் என்று அறுபது பேர் தனித்தனியாக அவள் பைக்கு அனுப்பினார்கள். அறுபது கோடு வந்து சேர்ந்த புள்ளியாக அக்கா இருந்ததால், பட்டியலில் அவளுக்கு முதலிடம். வாழ்க்கையில் அக்கா எதிலும் முதலாவதாக வந்ததில்லை. வந்தது இதில்.

மேலாளர் தன் அறையில் தொண்டை மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். எப்போதும் ஒன்று வாயில் இருக்கும். அவர் வருவது பற்களில் அது உருளும் சத்தத்தில் முன்பே தெரிந்துவிடும். கண்ணாடிக்காரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மிட்டாய் உருள்வது நின்றது.

“கோப்பைத் திறந்தீங்களா?”

“இல்ல சார்.”

“நான் கேக்கல. நீங்களும் சொல்லல.” எழுந்து கதவைச் சாத்தினார். “மேல்முறையீடு இருக்கும்மா. இருபத்தோரு நாள்ல பதில் வந்துடும்.”

“அவளுக்கு இருபத்தோரு நாள் இல்ல சார். செவ்வாய்க்கிழமை வரைக்குமே தாங்குமான்னு தெரியல. கால் ரெண்டும் வீங்கியிருக்கு.”

அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பாவப்படுகிற மனிதர்களால்தான் அந்த அலுவலகமே நடந்தது. திரையைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னொரு வழி இருக்கு. தகவல் தந்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல உங்க அக்காவைப் போட்டா அஞ்சு நிமிஷத்துல பை திறந்துடும். உங்க பேர்லயும் ஒண்ணும் வராது. கீழ்த் தளத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியல. ஆர்டர் குடுத்தது யாரு? துணி கொண்டுவந்தது யாரு? அதுக்கு எந்தப் பையிலருந்தும் காசு போகல. ஒரு பேர் போதும்மா. உங்க வீட்லதானே தச்சாங்க. பார்க்காமலா இருந்திருப்பீங்க?”

பார்த்தாள். திங்கட்கிழமை காலை, நோயாளிகளை ஏற்றிப் போகிற வேன்காரி, துணிக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினாள். செத்துப்போன புருஷன் கடையில் மிச்சமிருந்த துணி. ஒரு சொம்பு தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு, “இரட்டைத் தையலா போடுங்க, அங்க காத்து ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுப் போனாள். போன மழைக்காலத்தில் அக்காவால் நடக்க முடியாத ஒரு நாள், மாடியிலிருந்து முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கியவளும் அதே வேன்காரிதான்.

“யோசிச்சு சொல்லுங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க,” என்றார் மேலாளர்.

வேறு எது என்று இருவருக்கும் தெரியும். விரல் வைத்தவர் நாலு மணி நேரத்துக்குள் அதைத் திரும்ப எடுக்கலாம் என்று விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஒரு பெயரை மட்டும் எடுக்க முடியாது. எடுத்தால் முழுப் பட்டியலையும் எடுக்க வேண்டும். பத்து நாற்பதுக்கு நாலு மணி நேரம் கூட்டினால் இரண்டு நாற்பது. இப்போது மணி ஒன்று ஐம்பது.

இருக்கைக்குத் திரும்பி அந்தப் படிவத்தைத் திறந்தாள். காரணம் என்று மூன்று கட்டங்கள். முதலாவது, இயந்திரக் கோளாறு. அதற்குப் பொறியாளர் சான்று வேண்டும், இரண்டு நாள் ஆகும். இரண்டாவது, மேலிடத்து உத்தரவு. மூன்றாவது, ‘கோப்பைத் திறக்காமலே ஒப்புதல் அளித்தேன்.’ அதன் கீழே பொடி எழுத்தில்: பணிநீக்கமும் விசாரணையும் உண்டு.

வேன்காரி பெயரைச் சொன்னால் அக்கா பிழைப்பாள், வேலையும் நிற்கும். சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். ஒரு நிமிடம் இல்லை, அதற்கு மேலேயே நினைத்தாள். அக்கா மூச்சுக்கு முன்னால் வேன்காரி யார் என்றுகூடத் தோன்றியது. யாருக்கும் தோன்றும். பிறகு, பெயரைச் சொல்வதற்கு முன்னால் அக்கா கோப்பையாவது படித்துவிடுவோம் என்று திறந்தாள். நாலு வருடத்தில் அவள் திறந்த முதல் கோப்பு அது.

திறந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கொடிக் கணக்கு ஒரு பக்கம்தான். மீதி இருபத்தாறு பக்கமும் அக்காவின் இரண்டு வருடம். எந்தக் கடையில் எப்போது சோப்பு வாங்கினாள், எந்தத் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள், எந்த மாதம் மாதவிலக்கு நாட்களுக்கான பஞ்சு வாங்குவதை நிறுத்தினாள், எல்லாம் வரிசையாக இருந்தன. இருபதாம் பக்கத்தில் ஒரு வரிக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். ‘வழக்கத்துக்கு மாறான செலவு: ரத்தம் ஊறும் ஊசி மூன்று மாதமாக வாங்கவில்லை. அதே காலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பெருந்தொகை. விளக்கம் தெரியவில்லை.’

விளக்கம் அவள் மூக்கின் மேல் இருந்தது. பிறந்த நாளுக்கு அக்கா வாங்கித் தந்த கண்ணாடி. கடைக்காரன் தெரிந்தவன், பாதி விலைக்குக் கொடுத்தான் என்று சொல்லியிருந்தாள். புளுகுணி. டாக்டர் ஊசியைக் குறைத்துவிட்டார், உடம்பு தேறுகிறது என்றும் சொல்லியிருந்தாள். அதையும் இவள் நம்பினாள். ஒரே வீட்டில் இருக்கிற தங்கைக்குத் தெரியாதது, முகம் தெரியாத கீழ்த் தளத்துக்காரனுக்குத் தெரிந்திருந்தது. அவன் அதற்கு மஞ்சள் பூசியிருந்தான். கண்ணாடிக்காரிக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் முதலில் தன் மேல்தான்.

இரண்டாவது கோப்பைத் திறந்தாள். வாசலில் நாற்பத்து நாலு டீ விற்றவர். குற்றம், நாற்பத்து நாலு டீ. மூன்றாவது, கணக்கு வாத்தியார். கொடிக்குப் பத்து ரூபாய் அனுப்பியவர். அவர் பையிலிருந்து மாதா மாதம் ஒரு பெண்ணுக்குப் பணம் போவதையும், அவள் யார் என்று விசாரிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒன்றைத் திறந்தாள். கூட்டத்துக்கே வராத ஆள், அன்று அந்தத் தெருவில் பாய் வாங்கியிருக்கிறான். பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் இன்று காலையிலிருந்து எதுவும் வாங்க முடியாமல் நிற்கிறான். அவனையும் இவள்தான் பூட்டினாள். அக்காவைப் பூட்டிய அதே விரல். அவனுக்கு இந்தத் தளத்தில் தங்கை இல்லை என்பதுதான் வித்தியாசம்.

“என்னம்மா, திறந்து வெச்சுப் படிக்கறீங்க? உடம்பு சரியில்லையா?” என்றார் மின்னல்.

அவள் சொன்னாள். நாலே வரியில் சொன்னாள்.

“சொந்தக் காசுல சூனியம்னு கேள்விப்பட்டிருக்கேன்,” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் திரையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “மூணாவது கட்டமா? வேண்டாம்மா. அதைத் தொட்டா எல்லார் கணக்கையும் எடுப்பாங்க. ஒவ்வொரு கோப்பையும் எத்தனை விநாடி பார்த்தோம்னு மெஷின்ல இருக்கு. இங்க எல்லாருக்குமே பூஜ்யம். எனக்கு ரெண்டு பொண்ணு படிக்குது.”

“உங்களை நான் காட்டிக் குடுக்கல. என் விரலைத்தான் எடுக்கறேன்.”

“ஒரு நூலை இழுத்தா முழுத் துணியும் வரும்மா.”

“துணி குடுத்தவங்க பேரைச் சொல்லிடட்டுமா அப்போ?”

அவர் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி இரண்டு முப்பத்தைந்து. மேலாளர் அறைக் கதவு திறந்தது. அவர் பொறுமையாகத்தான் வந்தார். இருக்கை வரிசைக்கு நடுவே மிட்டாய் உருளும் சத்தம் நெருங்கி வந்தது. கண்ணாடிக்காரி மூன்றாவது கட்டத்தைத் தொட்டாள். ‘இருநூற்றுப் பன்னிரண்டு பைகளும் திறக்கப்படும். உறுதியானால் விரல் வைக்கவும்.’

வைத்தாள். ‘விரல் பதியவில்லை.’

வேர்வை. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ‘விரல் பதியவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு.’

நாலு வருடமாக வைத்த மாத்திரத்தில் பச்சை காட்டிய விரல். பூட்டுவதற்கு ஒரு நாளும் வேர்க்காத விரல், திறப்பதற்கு வேர்த்தது. மணி இரண்டு முப்பத்தெட்டு. மேலாளர் இரண்டு இருக்கை தள்ளி நின்று யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் விரலை உதறினாள், ஊதினாள். வேர்வை நிற்கவில்லை.

பக்கத்திலிருந்து ஒரு கைக்குட்டை வந்தது. மின்னல் அவளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தபடி இடது கையால் நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கி அழுத்தித் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மூன்றாவது முறை வைத்தாள்.

பச்சை.

மேலாளர் வந்து நின்றபோது திரையில் எல்லாம் எழுதியிருந்தது. அவர் படித்தார். நாலு வருடத்தில் அவர் ஒரு திரையை அவ்வளவு நேரம் படித்து யாரும் பார்த்ததில்லை.

“உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“தெரியும் சார்.”

“அடையாள அட்டை.”

கழற்றிக் கொடுத்தாள். அவர் அவளுடைய கணினியிலேயே குனிந்து தட்டினார். திரும்பப் பெற்ற பட்டியல் பக்கத்து இருக்கைக்குப் போக வேண்டும், அந்த இருக்கைக்காரர் விரல் வைக்கும் வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது என்பதும் அதே விதிப் புத்தகத்தில்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன் கடைசியில் ஒரு பெயரைச் சேர்த்தார். இருநூற்றுப் பதின்மூன்றாவது, கண்ணாடிக்காரி. காரணம், உறவு.

“மின்னல், இது அவசரம். அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடுங்க.”

கைப்பையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மணி இரண்டு நாற்பத்து நாலு. அக்கா இன்னும் வாசலில்தான் இருப்பாள். பதிவு மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி பூட்டு விழுந்தால் எல்லாம் வீண். மின்னலுக்கு ஐந்து நிமிடம் எதற்கு, அரை விநாடி போதும். அதற்குத்தானே கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ரெண்டு பொண்ணு படிக்குது என்று சொன்ன ஆளிடம் என்ன கேட்பது?

மின்னல் கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் விரல், ரேகை பதியும் பட்டைக்கு மேலே போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு விலகி முதல் கோப்பைத் திறந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உதடு அசைய வாசிக்க ஆரம்பித்தார்.

“என்ன பண்றீங்க?” என்றார் மேலாளர்.

“படிக்கறேன் சார். இருபத்தேழு பக்கம் இருக்கு. இங்க கொடிக்கு இரட்டைத் தையல்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன சார்?”

“அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? விரலை வைங்க.”

“வெக்கறேன் சார். படிக்க வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, உடனே வெச்சுடறேன். இந்தம்மா கேஸ்ல விசாரணை வரும் இல்லையா? அவங்க மொதல்ல கேக்கப்போறது என் விநாடிக் கணக்கைத்தான்.”

மேலாளர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். தளமே தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அப்படி ஒரு வரியை யார் எழுதிக் கொடுப்பார்? அவர் தொண்டையைச் செருமினார். மிட்டாய் கரைந்துபோயிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“துணி ஓரத்துல ரெண்டு தடவை ஓட்டறது,” என்றாள் கண்ணாடிக்காரி. “காத்துல பிரியாம இருக்க.”

“அப்படியா,” என்றார் மின்னல், தலையை நிமிர்த்தாமல். “பக்கம் ரெண்டு.”

மின்னல் பயந்து படித்தாரா, வெட்கப்பட்டுப் படித்தாரா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். இரண்டும் இருந்திருக்கும். மனிதனுக்குள் ஒன்று மட்டுமா இருக்கிறது?

படியில் இறங்கும்போது போன் வந்தது. மணி மூன்று ஏழு.

“பாப்பா, சாப்பிட்டியா?”

“அக்கா, உள்ள போயிட்டியா இல்லையா?”

“படுத்தாச்சு. ஊசி குத்தியாச்சு. திடீர்னு எல்லார் போன்லயும் பச்சை வந்துடுச்சு. யார் செஞ்ச புண்ணியமோ. அந்தக் கை நல்லா இருக்கணும்.”

கண்ணாடிக்காரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் பூட்டியதும் அதே கைதான் என்று அவளால் போனில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வரட்டும், நேரில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஊசி விஷயத்தில் அக்காவும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது பாக்கி இருந்தது.

அன்று ராத்திரி இருவரும் அதைப் பேசித் தீர்த்தார்கள். யார் அதிகம் அழுதார்கள் என்பது இங்கே தேவையில்லை. பை திறந்திருக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்று, மறுநாள் காலையில் கண்ணாடிக்காரி முதல் வேலையாக மூன்று மாத ஊசியையும் வாங்கி வந்தாள். கடையில் போனை வைத்தபோது பச்சைதான் வந்தது. ஞாயிறும் பச்சை. திங்கள் பஸ்ஸில் ஏறினாள், பச்சை. ஒவ்வொரு முறையும் போனை நீட்டும்போது மனது இருநூற்றுப் பதின்மூன்றாவது கோப்பை நோக்கித்தான் ஓடியது. அதை மின்னல் எட்டுகிற அன்று ஒரே விரலில் எல்லார் பையும் பூட்டிக்கொள்ளும், அல்லது அவர் விரல் வைக்க மறுப்பார். இரண்டில் எது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. வேன்காரி ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினாள். பதினோரு பேரும் வரிசையில் நின்றார்கள். அக்காதான் முதலில். விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் ஒருவரும் பேசவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்கா போனை எடுத்து, முந்தானையால் துடைத்து, வாசல் மெஷினின் பட்டை மேல் வைத்தாள்.

மெஷின் யோசித்தது. சாதாரணமாக அது யோசிக்கிற நேரம்தான். ஆனால் அதற்குள் கணக்கு வாத்தியார் இரண்டு தடவை எச்சில் விழுங்கினார். ஒன்பது வயதுப் பெண் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பச்சை.

“எத்தனாவது கோப்புல இருக்காராம் உன் மின்னல்?” என்று அக்கா கேட்டாள்.

“நேத்து சாயங்காலம் நாப்பத்தொண்ணாம். மத்தவங்களும் திறந்து படிக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். பலகையில இருக்கற இலக்கை ஒருத்தரும் எட்டலையாம்.”

“நாப்பத்தொண்ணா? இவ்வளவு வேகம் ஆகாதே.” அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். “எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லு அவரை.”

கண்ணாடிக்காரி பின்னாலேயே போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் கணக்கு வாத்தியார் தன் போனை எடுத்து நீட்டினார். வரிசை மறுபடி வாயை மூடிக்கொண்டது.